மேலே மெர்பாவ், கீழே நங்கா

தப்பு செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வில்லை ஒடித்துவிட்டுப் பதினொரு வருடம் நல்ல பிள்ளையாக நடமாடியிருக்கிறேன். ஒடித்தது என் அண்ணன்தான் என்று கோயிலே சிரித்தபோது, கூட நின்று சிரித்தும் இருக்கிறேன்.

அண்ணனுக்கு மாக் மண்டினில் ஒரு மரப்பட்டறையில் வேலை. தினமும் ஃபெரியில் அக்கரைக்குப் போய் வருவார். நான் ஜார்ஜ்டவுனில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. (பென்சில் சீவப் போய் விரலைச் சீவிக்கொள்கிற ஜாதி.) ஒரே வீடு, கீழே அவர் குடும்பம், மாடியில் என் குடும்பம்.

விஜயதசமிக்கு எங்கள் கோயிலில் அம்பு போடும் சடங்கு உண்டு. சாமி புறப்பட்டுத் திடலுக்கு வரும். அங்கே அசுரனாக நட்டு வைத்திருக்கும் வாழைமரத்தின் மேல், சாமிக்குப் பதிலாக ஒருவர் அம்பு விடுவார். அந்த வருடம் பழைய வில்லைக் கரையான் தின்றுவிட்டது. கோயில் தலைவர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"நீயே ஒரு வில்லு செஞ்சு நீயே அம்பு போடு. ஜனங்க ஒன் கைவேலயப் பாக்கட்டும். நல்லா வந்துச்சுன்னா கருவறைக்குப் புதுக் கதவு செய்ற வேல ஒனக்குத்தான்லா."

இருபது வருடமாகச் சரக்குப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த மனிதர் அண்ணன். தன் பெயர் சொல்ல ஒரே ஒரு கதவு செய்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அன்றைக்கே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தாமரையும் யாளியும் வரைய ஆரம்பித்துவிட்டார்.

இதில் நீ ஏன் மூக்கை நுழைத்தாய் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு வீடியோ செய்த வேலை. வெவ்வேறு மரங்களைச் சேர்த்தால்தான் வில்லுக்குப் பலம் என்று அதில் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு, மரங்களை மெல்லிய பட்டைகளாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியும் காட்டினாராம். அந்த இடத்தில் நான் சோறு போட்டுக்கொள்ள எழுந்து போயிருந்தேன். ஆகவே, மேல்பாதி ஒரு மரம், கீழ்ப்பாதி வேறு மரம் என்று என் புத்திக்கு எட்டியபடி புரிந்துகொண்டேன்.

"அண்ணே, ஒரு பாதி நான் செய்றேன்."

"ஒனக்கு என்னடா தெரியும்?"

"வீடியோ பாத்தேன்லா."

அண்ணன் சிரித்தார். பிறகு சரி என்றார். நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது.

பட்டறையில் மிஞ்சிய மெர்பாவ் கட்டையில் அவர் தன் பாதியைச் செய்தார். நல்ல சிவப்பு, இரும்புக் கனம். வீட்டுக்குப் பின்னால் முறிந்து விழுந்த நங்காவில், அதாவது பலாக்கிளையில், நான் என் பாதியைச் செய்தேன். நல்ல மஞ்சள், அதைத் தவிர அதில் நல்லது என்று ஒன்றும் இல்லை. இரண்டையும் நடுவில் பிடியில் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கவேண்டும். எது மேலே, எது கீழே?

"மூத்தவர் மரம் மேல, எளையவர் மரம் கீழ. இதுல என்ன பேச்சு?" என்றார் அண்ணி.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற முறைப்படி வில் பூட்டிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சூலியா தெருவில் வாங்கிய தூண்டில் நைலான் கயிறுதான் நாண். முதல் நாள் இழுத்துப் பார்த்தோம். மெர்பாவ் அசையவில்லை. நங்கா மட்டும் வளைந்து முனகியது.

"நங்கா தாங்காது தம்பி. ரெண்டு பாதியும் மெர்பாவ்லயே போட்டுடுவோமா?" என்ற அண்ணன், என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி வுடு, இருக்கட்டும். நான் அரைவாசிதான் இழுப்பேன். வாழமரம் கிட்டத்தான நிக்குது" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? எல்லார் முன்னாலும் என் பாதி மட்டும் கோணிக்கொண்டு நிற்குமே என்ற ரோசம். மறுநாள் காலை அண்ணன் குளிக்கப் போன நேரத்தில், வாசல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து, அவருடைய இழைப்புளியாலேயே அவருடைய பாதியை இழைத்தேன். கொஞ்சம் வளைந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். சிவப்புச் சுருள் சுருளாக வந்தது. கை நிற்கவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் சுருளைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எண்ணெய் தடவி வில்லைச் சாத்தி வைத்தேன்.

மாலையில் மேளம் முழங்க அண்ணன் புது வேட்டியில் வந்து நின்றார். வில்லைக் கையில் எடுத்தவர் மேல்பாதியை ஒருமுறை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

அரைவாசிகூட இழுக்கவில்லை. மெர்பாவ் படாரென்று முறிந்து அவர் நெற்றியில் அடித்தது. அம்பு வாழைமரத்துக்கு எதிர்த்திசையில் கிளம்பி, பிரசாதச் சுண்டல் அண்டாவுக்குள் போய் விழுந்தது. கடைசியில் குருக்களே அம்பைச் சுண்டலோடு எடுத்துவந்து, நடந்துபோய், வாழைமரத்தில் கையால் குத்திவிட்டு அசுரவதம் முடிந்ததாக அறிவித்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. என் நங்கா மட்டும் கீறல்கூட இல்லாமல் நின்றது.

"கிராணி மரம் நிக்குது, ஆசாரி மரம் ஒடிஞ்சிருச்சு" என்றார் தலைவர். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கருவறைக் கதவை ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் செய்தார். காலண்டர் தாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. எங்கள் வீட்டில் ஸ்டூல் கால் ஆடினாலும், குடைக்கம்பி முறிந்தாலும், "பெரியப்பா மெர்பாவ்" என்று என் பிள்ளைகள் கத்துவது வழக்கமாகிவிட்டது. அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். நாளைக்குச் சொல்லிவிடலாம், தீபாவளிக்குச் சொல்லிவிடலாம் என்றே நான் காலத்தை ஓட்டினேன். போன வருடம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் யாரோ அந்தச் சுண்டல் கதையைச் சொல்லி, அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் இலையை விட்டு எழுந்தேன். அடுப்படிக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன்.

"அண்ணி, அந்த வில்லு அண்ணனால ஒடியல. நான்தான் அன்னிக்குக் காலையில இழைச்சேன்."

"தெரியும் தம்பி" என்றார் அண்ணி. "செருப்பு அலமாரிக்குப் பின்னால செவப்பு மரச்சுருளா கெடந்துச்சே. அன்னிக்குக் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே அவருதான் கூட்டி அள்ளினாரு. ஒங்ககிட்ட கேக்கக்கூடாதுன்னுட்டாரு."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி அந்த வில்லோட போனாரு?"

அண்ணி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நானும் கேட்டேன். 'மெலிசாத்தான் ஆயிருச்சு, ஆனா தம்பி ஆசையா இழைச்சிருக்கான், நிக்கும்'னாரு."

அன்று மாலையே பிள்ளைகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டில் எது ஒடிந்தாலும் அண்ணன் மகன், "சித்தப்பா இழைப்புளி" என்கிறான். எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரிக்கிறேன். நடுவில் அழுகை வந்துவிடுகிறது. அதற்கும் சேர்த்துச் சிரிக்கிறார்கள்.