காய்ந்த தட்டில் வந்த விஷம்

சேரன்மகாதேவி கல்யாண மண்டபத்தில் அப்படியொரு கூட்டத்தை எந்த மாப்பிள்ளையும் பார்த்ததில்லை. குடத்தோடு வந்தார்கள், கேனோடு வந்தார்கள். விபூதி பூசியவர்களும் தொப்பி போட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மேடையில் 'நானோ சித்தர்' குருபிரசாத்.

காந்தத் துகளால் அசுத்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்பது பொய்யல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் நச்சைப் பற்றிக்கொண்டதும் காந்தத்தால் இழுத்தெடுப்பார்கள். பிறகு தண்ணீரைச் சோதிப்பார்கள். சித்தர் சோதனையை விட்டுவிட்டு மந்திரத்தைச் சேர்த்துக்கொண்டார்.

குடத்தில் கறுப்புப் பொடியைத் தூவுவார். முணுமுணுப்பார். காந்தத்தை முக்கி எடுப்பார். நுனியில் கறுகறுவென்று மீசை முளைத்திருக்கும்.

"பாத்தியளா, உங்க தண்ணிக்குள்ள இருந்த வெசம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த 'விஷத்தை'த் துணியில் முடிந்து, பாவத்தைத் தொலைக்கிற மாதிரி தாமிரபரணியில் விட்டுவர வேண்டும். விட்டார்கள். அதே ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்து மறுபடி அவரிடமே கொண்டுவந்தார்கள். வியாபாரம் வற்றவே இல்லை.

இன்னொரு கட்டளையும் உண்டு. அந்தத் தண்ணீரைக் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் காந்த சக்தி ஓடிவிடும். வயல் வேலைக்குப் போகும் தங்கத்தாய் காய்ச்சவில்லை. அவள் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கண் குழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காய்ச்சிக் கொடு என்றுதான் சொன்னார்கள். மீசை முளைக்கிற காந்தம் டாக்டரிடம் இல்லையே, யார் நம்புவது?

பக்கத்து வீட்டு ஷரீபா பீவி தாயையும் பிள்ளையையும் அந்தக் குடத்தோடு மண்டபத்துக்கே இழுத்துவந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. துடைத்து வெயிலில் காயவைத்த தட்டு.

"சாமி, இதுல உங்க பொடியக் கொஞ்சம் போடுங்க."

பிரசாதம் கேட்கிறாள் என்று நினைத்துச் சித்தர் தாராளமாகப் போட்டார். ஷரீபா மேசையிலிருந்த காந்தத்தைக் கேட்காமலே எடுத்துத் தட்டின்மேல் காட்டினாள். பொடி எழுந்து ஒட்டியது. அதே மீசை.

"தட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. வெசம் எங்கனருந்து வந்துச்சு சாமி?"

தட்டுக்குத் தோஷம் என்றார் சித்தர். பாதிக் கூட்டம் தலையாட்டியது. முன்வரிசைப் பிச்சைக்கண்ணு மட்டும் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"ஏ வே, இரும்புத் தூளுக்கா நான் கன்னத்துல போட்டேன்?"

தங்கத்தாய் குடத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு, பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. அதற்கும் சித்தர்தான் காரணம் என்பவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து வள்ளியூரில் தரிசனமாம், சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. போகிறவர்கள் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு, காய்ந்த தட்டொன்று எடுத்துப் போங்கள். கழுத்துக்கு மேலே இருப்பதையும் மறக்காமல்.