இரண்டாவது சரணத்தைத் தள்ளிவிட்ட மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் சௌக்கியம். அங்கே நீங்களும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? பம்ப் கடைக்குப் புது ஷட்டர் போட்டதாக மகள் சொன்னாள், சந்தோஷம். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் இரண்டு முறை "அப்படியா" சொல்லிவிட்டு, "இந்தா, சம்பந்தி பேசறார்" என்று அம்மா கையில் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்தாக வேண்டும், சம்பந்தி, பாதியில் மடித்து வைக்கக் கூடாது. பாதியில் விடுகிற பழக்கத்தால்தான் இவ்வளவு வினையும்.

உங்கள் மகன் தங்கமான பிள்ளை. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிற வேலையில் அவருக்கு நல்ல பெயர். என் மகளைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறார். ஆனால் ராப் விஷயத்தில் அவர் செய்வது அநியாயம். இதை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். ராப் என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள், சொல்கிறேன். பாடுகிறவர் பாட மாட்டார், பேசுவார். ஆனால் தாளத்துக்குள் பேசுவார், எதுகை தப்பாமல் பேசுவார். கறார் என்று ஒருவர் இருக்கிறார், அது அவராக வைத்துக்கொண்ட பெயர், வரிகள் எல்லாம் அவருடையவை. பின்னால் வருகிற இசை, டிரம், அந்தத் தும் தும் என்கிற பாஸ், இவற்றைச் செய்கிறவரைப் புரொடியூசர் என்பார்கள், பணம் போடுகிறவர் இல்லை. அவர் பெயர் பூனை. இருவரும் சேர்ந்து "மூணாவது மாடி, இடது கதவு" என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அந்த ஆல்பம் நின்றது கறாரின் வரிகளால் என்பது என் கட்சி. பூனையின் இசையால் என்பது மாப்பிள்ளை கட்சி. உங்கள் கடைப் பாஷையில் சொன்னால், குழாயில் வருவது தண்ணீர், அதற்குத்தான் தாகம். மோட்டாரை யாராவது குடிப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

நான் எப்படி இதில் விழுந்தேன் என்று ஆச்சரியப்படாதீர்கள். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை. அங்கே நாள் முழுக்க இதுதான் ஓடும். ஒருநாள் சத்தம் தாங்காமல் சண்டைக்குப் போனேன். போய் நின்ற நேரம் கறார் ஒரு வரி சொன்னார், நான் சண்டையை மறந்துவிட்டு "இன்னொரு தடவை போடுப்பா" என்றேன். அன்றிலிருந்து இப்படித்தான். வீட்டில் இதைப் பேச ஆள் கிடையாது. உங்கள் சம்பந்தியம்மா, "திட்டறானா, பாடறானா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வாள். அந்த நேரத்தில்தான் கல்யாணம் பேச நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். மாப்பிள்ளையின் போன் அடித்தது, அதில் பூனையின் டிரம்! நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்கள் மண்டபம், தேதி என்று பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பால்கனியில் ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாக அலசினோம். நீங்கள்கூட, "மாமனும் மருமகனும் இப்பவே ஒட்டிக்கிட்டாங்களே" என்று சிரித்தீர்கள். அன்றைக்கே எங்களுக்குள் கருத்து வேற்றுமை வந்துவிட்டது, மரியாதைக்காக வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணம் ஆன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவார்கள், நாங்கள் சண்டை போடுவோம். எல்லாம் முறையோடுதான். "மாப்பிள்ளை, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா உங்க பூனைக்கு ஒரே டிரம்மை விட்டா வேற கதி இல்ல" என்பேன். "மாமா, பெரியவங்க நீங்க, உங்களை எதிர்த்துப் பேச மாட்டேன், ஆனா கறார் மூச்சு விடாம பேசறதைத் தவிர என்ன கிழிச்சுட்டார்?" என்பார். இப்படி அருமையாகப் போய்க்கொண்டிருந்ததை, சம்பந்தி, அவர் ஒரே விரலால் கெடுத்தார்.

அவர்கள் வருகிற மாதம் எங்கள் மாடிக்குக் குடிவருவதாக முடிவாகியிருந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சொல்லுமோ என்று நீங்கள் யோசித்தீர்கள்; தனி வாசல், தனிப் படிக்கட்டு, தனி மீட்டர் என்று நான் எடுத்துச் சொல்ல, பெரிய மனதோடு சம்மதித்தீர்கள். அந்த மாடிக்குத் திரைச்சீலை வாங்கத்தான் காரில் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, நான் முன்னால், தாயும் மகளும் பின்னால். ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது பாட்டு "லிஃப்ட் பழுது". லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஒருவன் அம்மாவின் மருந்தோடு படியேறுகிறான். முதல் சரணம் சுமார்தான், நானே ஒப்புக்கொள்வேன். இரண்டாவது சரணத்தில்தான் விஷயமே இருக்கிறது:

"படி ஏறினேன் பாதி தூரம், மூச்சு வாங்கிச்சு,
அடைச்சு வச்ச கதவு எல்லாம் பேச்சு வாங்கிச்சு."

கதவு பேச்சு வாங்குகிறது, சம்பந்தி! யாருமே திறக்காத கதவைப் பார்த்து ஒருவன் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறுகிறான். அந்த இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன். அதற்காகச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். மாப்பிள்ளை சர்வ சாதாரணமாக விரலை நீட்டி அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டார்.

"மாப்பிள்ளை, ரெண்டாவது சரணம் இன்னும் வரலை" என்றேன். "அதுல ஒண்ணும் இல்ல மாமா, அடுத்ததுல பாஸ் எப்படி இறங்குதுன்னு கேளுங்க" என்றார். ஒண்ணும் இல்லையாம்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "எனக்கு ஒரு பாஸும் கேக்கலை" என்றேன். அப்போது அவர் சொன்னார், சம்பந்தி, உங்கள் மகன், என்னைப் பார்த்து: "அதான் மாமா நானும் சொல்றேன். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வாங்க, காதைப் பார்த்துடலாம். உங்களுக்கு ஃப்ரீ." காது கேட்காது என்று சொன்னதைக்கூட மன்னிப்பேன். ஃப்ரீ என்றாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது.

சிக்னலில் கார் நின்றதும் இறங்கிவிட முடிவு செய்தேன். கதவைத் திறந்துவிட்டேன், சீட் பெல்ட் விடவில்லை. இழுத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், கடைசியில், "மாப்பிள்ளை, கொஞ்சம் அதை அமுக்குங்க" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. அவரும் மரியாதையாக அமுக்கினார். கோபித்துக்கொண்டு இறங்குகிற மனுஷனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா? விறுவிறுவென்று நடந்தேன். கார் போகிற பக்கமே நடக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கார் என் பக்கத்திலேயே ஊர்ந்து வருகிறது, கண்ணாடியை இறக்கி உங்கள் சம்பந்தியம்மா, "ஏங்க, ஏறுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்கிறாள், பின்னால் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன, நான் திரும்பாமல், எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது பஸ் டிப்போவுக்குப் போகிற பஸ். டிப்போவில் இறக்கிவிட்டு, "இதுக்கு மேல போகாது சார்" என்று கதவைப் பூட்டிவிட்டார்கள்.

திரைச்சீலை வாங்கவில்லை. மறுநாள் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் சரியாகற வரைக்கும் நாங்க மாடிக்கு வரலை. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வீடு பார்க்கறார்" என்றாள். அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஊரின் அந்தக் கோடி. மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, சமையல்கட்டில் புதுக் குழாய் வைத்தாகிவிட்டது, அதுவும் உங்கள் கடைக் குழாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் சாப்பிடுகிறோம்.

இப்படியே விடுகிறவன் நானில்லை. நியாயம் யார் பக்கம் என்று நாலு பேரிடம் கேட்டுவிடுவோம் என்று, கடையில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டாவது சரணத்தையே பெரிய எழுத்தில் ஆரம்பித்து வரவரச் சின்னதாக அச்சடித்து மாட்டினேன். வந்தவர்கள் படித்தார்கள். ஒரு வங்கி மேலாளர் கடைசி வரியில் திணறி, "இது சரியாப் புரியலையே" என்றார். "தெரியலையா, புரியலையா?" என்றேன். "தெரியுது சார், கதவு எப்படிப் பேச்சு வாங்கும்?" என்றார். அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். கண்ணாடியே வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்து வந்த தையல்காரம்மா மூச்சுவிடாமல் கடைசி வரைக்கும் படித்து, "பாவம் அந்தப் பையன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்த்தீர்களா, இசையே இல்லாமல் அழுதார்! இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்? கண்ணில் மருந்து விட்டதால் நீர் வந்தது என்று கடைப் பணிப்பெண் சொல்கிறாள். அவள் மாப்பிள்ளை கட்சி.

காது விஷயத்தையும் சும்மா விடவில்லை. மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேறொரு இடத்துக்குப் போய், காசு கொடுத்தே காதைச் சோதித்துக்கொண்டேன். கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க" என்றார்கள். அப்படி ஒரு நிசப்தம் நான் பார்த்ததில்லை. சத்தத்துக்குக் காத்துக்கொண்டே இருந்தேனா, மனசுக்குள் தானாக "லிஃப்ட் பழுது" ஓட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்து, "சார், சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க, தாளம் போடாதீங்க" என்றாள். சரி என்றேன். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை, "இந்த ரிசல்ட் செல்லாது சார், மனசு அமைதியா இருக்கற நாள்ல வாங்க" என்று அனுப்பிவிட்டாள். கேட்கவில்லை என்று அவள் சொல்லவில்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டாவது சரணத்தை முதலிலிருந்து கடைசிவரை, கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை கேட்கச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, வரிதான் பெரிது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை நான் இறங்கி வர மாட்டேன், என் முடிவில் மாற்றமில்லை. உங்களிடம் மறைப்பானேன், சம்பந்தி, அவரோடு சண்டை போடாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் நல்ல வரி ஒன்று காதில் விழுந்தால், "மாப்பிள்ளைகிட்டச் சொல்லணும்" என்று கை தானாகப் போனை எடுக்கிறது. எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன். இதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள் என்றும் உண்டு, வழக்கு வேறு, ஆசி வேறு.

இப்படிக்கு,
உங்களிடம் மரியாதை குறையாத, உங்கள் மகனிடம் விட்டுக்கொடுக்காத,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் கார் சாவியோடு நிற்கிறார். என் காதைச் சோதித்த பெண் அவரோடு கூடப் படித்தவளாம். "ஒரு பெரியவர் வந்து இப்படித் தாளம் போட்டார்" என்று மேசையில் தட்டிக் காட்டியிருக்கிறாள். "அவ நாலு தட்டு தட்டினதுமே தெரிஞ்சுபோச்சு மாமா. ஏழாவது பாட்டு. உலகத்திலேயே காது டெஸ்ட்ல அதை வாசிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்தார். அப்புறம் மெதுவாக, "ஆனா நீங்க அமுக்கினது வரியை இல்ல மாமா. பூனையோட டிரம்மை" என்றார். யோசித்துப் பார்த்தேன். விரல் போன போக்கை நினைத்துப் பார்த்தேன். டிரம்தான், சம்பந்தி. அவர் போனை எடுத்து அந்தப் பாட்டை முதலிலிருந்து போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே முழுவதும் கேட்டார். முடிந்ததும், "ரெண்டாவது சரணம் நல்லாத்தான் எழுதியிருக்கார் மாமா" என்றார். "டிரம் இல்லாம அது நிக்காது மாப்பிள்ளை" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. இருவரும் ஒத்துப்போய்விட்டோம், இனி என்ன பேசுவது? அவர் சாவியைக் கையில் சுழற்றினார், "அப்ப நான் கிளம்பட்டுமா மாமா" என்றார். விடுவேனா நான்? "என்ன இருந்தாலும் இந்த ஆல்பத்தைவிட அவங்களோட அடுத்த ஆல்பம்தான் ஒசத்தி" என்று ஒரு போடு போட்டேன். அது மகா மட்டமான ஆல்பம், எனக்கே தெரியும். மாப்பிள்ளை சாவியை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன மாமா சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க" என்றார். இன்னும் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் மாடிக்குச் சாமான் கொண்டுவர வண்டி பேசிவிட்டதாக மகள் இப்போதுதான் போன் செய்தாள்.