மைக்செட்காரர் நடத்திய சிரிப்புக் குழு

கள்ளக்குறிச்சியில் சூரியனுக்கே தடை போட்ட மனிதர் ஒருவர்தான்: எங்கள் மைக்செட்காரர். எல்லாக் கட்சிக்கும் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர், வாட்ஸ்அப்பில் 'சும்மா சிரிங்க' என்றொரு குழு நடத்தினார். எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாற்பத்து மூன்று பேர். சட்டம் ஒன்றே: அரசியல் கூடாது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்களில் அந்தச் சட்டம் பைத்தியமாக முற்றியது. சூரியன் உதிக்கும் படத்தோடு காலை வணக்கம் சொன்ன தலைமையாசிரியரை நீக்கினார். தாமரையில் லட்சுமி உட்கார்ந்த வெள்ளிக்கிழமைப் படமும் போயிற்று. மருமகன் கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த மாம்பழத்தைப் படம் எடுத்துப் போட்டேன். என்னையும் நீக்கிவிட்டுப் போன் போட்டார்.

"இன்னாங்க சார், படிச்ச நீங்களே சின்னத்த போடுறீங்க?"

"பழம்யா அது!"

"எலெக்சன் வந்தா தெரியும், பழமா இன்னான்னு."

நீக்கப்பட்டவர் திரும்பி வர ஒரே வழிதான். அவருடைய கிடங்குக்குப் போய், தான் எழுதியதைத் தானே மைக்கில் படிக்க வேண்டும். யாரையாவது வைதிருந்தால் அவர் முகத்தைப் பார்த்தபடி. நான் "மாம்பழம்" என்று படித்துவிட்டுத் தப்பினேன். வைதவர்கள் பாடுதான் திண்டாட்டம். கட்டைவிரல் எழுதியதைச் சொல்ல வாய் வராது. பாதியில் அசடு வழிந்துவிட்டு, வையப்பட்டவரோடு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

உரக்கடை கோவிந்தனும் கண்டக்டர் ஏழுமலையும் குழுவின் உயிர். ஒருவர் தொடங்கும் ஜோக்கை மற்றவர் முடிப்பார். சாதி வேறு வேறு; இருவர் பிள்ளைகளும் ஒரே அரசு வேலைக்குக் காத்திருந்தார்கள். ஒரு நாள் ஏழுமலை எழுதிவிட்டார்: "உங்க ஆளுங்க எங்க புள்ளைங்க சோத்துல மண்ண அள்ளிப் போடறாங்க." கோவிந்தன் பதிலுக்கு ஏதோ எழுத, இருவரும் நீக்கம். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. இருபது வருஷச் சிநேகிதம்!

மைக்செட்காரர் இருவரையும் கிடங்குக்கு அழைத்தார். துணைக்கு நான்.

ஏழுமலை படிக்கப் படிக்க, வெளியே எதிரொலித்தது. மறுநாள் ஆர்ப்பாட்டத்துக்காக ஆட்டோவில் கட்டிய குழாயோடு மைக்கை இணைத்தபடியே விட்டிருந்தார் மகானுபாவர்! கடைத்தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. "எவன்டா அவன்?" என்று கோவிந்தன் சாதிக்காரர்கள் வாசலில் திரண்டார்கள். மைக்செட்காரருக்கு ஸ்விட்ச் எதுவென்றே மறந்துபோயிற்று.

கோவிந்தன் மைக்கைப் பிடுங்கினார்.

"யோவ் கண்டக்டரு! மண்ணு கெடக்கட்டும். போன மாசம் என் வூட்டுக்கு வந்து, சட்டியில இருந்த கறி அத்தினியும் உனக்கே ஒதுக்கிக்கினியே, அந்த ஒதுக்கீடு எந்தச் சட்டத்துலய்யா கீது?"

ஏழுமலை மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"உப்பு கம்மிய்யா. அதான் யாருக்கும் வேணாம்னு நானே துன்னேன்."

வாசலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும்.

அன்று மாலையே மைக்செட்காரர் இருவரையும் சேர்த்தார். என்னை அட்மின் ஆக்கினார். ஊருக்கே அரசியல் ஒலிபரப்பிய குற்றத்துக்காகத் தன்னையே நீக்கிக்கொண்டார்.

"மைக்ல படிச்சிட்டு வாங்களேன்" என்றேன்.

"எழுதியிருந்தாதான சார் படிக்கிறதுக்கு?"

இன்றுவரை வரவில்லை. அதனால் அன்றன்றைய ஜோக்கை நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே அவருக்கு அனுப்புகிறோம். ஒவ்வொருவருக்கும், அப்போதுதான் முதல்முறை கேட்டவர்போல, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் பதிலாகப் போடுகிறார்.