சாப்பிட்ட பிறகு சொன்ன கருத்து

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பிழையும் நிறைய வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிறவனைப் பொதுக்காரியம் பேச எழுப்பிவிடக் கூடாது. அதற்கு நானே சாட்சி.

2007-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்கள் ஊரில் புதிதாக மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் வரப்போவதாகப் பேச்சு. அதனால் ஊருக்கு என்ன நன்மை, என்ன கேடு என்று ஜனங்களிடமே கேட்டு எழுத ஒரு ஆய்வுக்குழு வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களைச் சிறு சிறு குழுவாக உட்கார வைத்தார்கள். காலையில் குழுவுக்குள் பேச வேண்டும். மத்தியானம் குழுவுக்கு ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டும். மைக்கில் சொன்னதுதான் அறிக்கையில் ஏறும்.

எங்கள் குழுவுக்கு ஒரே கவலை. காற்றாடிக்குப் போடும் பாதை, எங்கள் வயலுக்கு மலைத் தண்ணீர் வரும் ஓடையை மூடிவிடும்.

“மக்கா, நீதான் பேசணும்,” என்றான் பக்கத்து வயல் தங்கப்பன். “ஒனக்க வயல்தான் மொதல்ல காயும்.”

“மைக்கப் பாத்தா எனக்குப் பேச்சு மறந்துபோவுமேடே.”

“ஒத்த வரிதானே? பாதையத் தள்ளிப் போடுங்க, ஓடைய மூடாதீங்கன்னு சொல்லிட்டு இரி.”

அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். (பெண் பார்க்கப் போன அன்றுகூட இவ்வளவு பாடுபடவில்லை. அங்கே என் அண்ணன் பேசினான்.)

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பருப்பு, அவியல், எரிசேரி, அடைப்பிரதமன் பாயசம். ஆய்வுக்குழுவின் மேடமே வாளியைத் தூக்கி வந்து, “இன்னும் கொஞ்சம் விடட்டுமா அண்ணாச்சி?” என்று மூன்று தடவை பாயசம் விட்டார். எங்கள் பக்கத்தில், சோறு போட்டவர் முகத்துக்கு முன்னால், அந்த முற்றம் தாண்டும்வரை, எந்தக் குறையும் சொல்ல மாட்டோம். கை கழுவி வந்தால், அதே மேடம் மைக்கோடு நிற்கிறார்.

“சொல்லுங்க அண்ணாச்சி. காற்றாடி வர்றதுல உங்க குழுவுக்கு என்ன குறை?”

எழுந்தேன். என் மூச்சே மைக்கில் புயல் மாதிரி கேட்டது.

“குறையா? ஒரு குறையும் இல்ல மேடம். காத்தாடி தாராளமா வரட்டும்.”

கைதட்டல். “லேய், ஓடை! ஓடை!” என்று தங்கப்பன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்தேன்.

ஓடைப் பக்கத்து விவசாயிகளுக்கு ஆட்சேபம் இல்லை என்று அறிக்கை வந்தது. (மேடத்தைச் சொல்லிக் குற்றமில்லை. சொன்னதைத்தானே எழுதினார்?) பாதை ஓடையின் மேலேயே போனது. என் வயல் முதலில் காய்ந்தது, தங்கப்பன் வயல் அடுத்தது. நான் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனேன். என் முகத்தில் விழிக்கக் கூடாதென்று அவன் வேறு சூளைக்குப் போனான்.

இன்றும் கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகுமுன் என் மனைவி சொந்தக்காரர்கள் முன்னால் என்னை நிறுத்துவாள். “யாருட்டயாவது எதாவது சொல்லணும்னா இப்பமே சொல்லிருங்கோ. தின்னுட்டா ஒங்களுக்கு வாய் அடஞ்சிரும்.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

போன மாதம் தங்கப்பன் மகள் கல்யாணம். அவன் மனைவி வந்து கூப்பிட்டதால் போனேன். பந்தியில் என் முன்னால் வந்து நின்று, ஏழு வருஷத்தில் முதல்முறையாகப் பேசினான்.

“நல்லா தின்னு மக்கா. இனி நீ மூடுகதுக்கு ஓடை ஒண்ணும் பாக்கி இல்ல.”

எழுதி முடித்த நாள்: 14 செப்டம்பர் 2014, ஞாயிறு.