ஏற்காட்டுக்கு முன்னால் அறுபத்தெட்டு முட்டை

அரசு விடுமுறைப் பட்டியல் விஷயத்தில் என்னை மிஞ்ச புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் எனக்கு இருந்த அதிகாரம் ஒன்றே ஒன்று. ஜனவரி பிறந்ததும் அந்த வருஷத்து லீவு லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டில் நாலு குண்டூசி குத்தி மாட்டுவேன். (எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று ஊசியோடு நிறுத்திவிடுவார். பொங்கலுக்குள் லிஸ்ட் கிழிந்துவிடும்.) இந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு, நாட்டில் யார் எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே நான்தான் என்கிற தோரணையில் நடமாடினேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினைந்து எல்லோருக்கும் விடுமுறை. புதுச்சேரிக்காரர்களுக்கு மறுநாள் பதினாறும் விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் எங்களைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த நாள் அது. பிறந்ததிலிருந்து அனுபவித்து வருவதால், உலகமே பதினாறாம் தேதி வீட்டில் படுத்துக் கிடக்கிறது என்று எங்களில் பலருக்கு ஒரு நினைப்பு. அந்த வருஷம் பதினைந்து வியாழக்கிழமை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் வந்ததும் எனக்குக் கை பரபரவென்றது. ஏற்காடு போவது என்று முடிவு செய்தேன்.

உண்மையில் ஏற்காடு எனக்காக இல்லை, பூங்கோதை அக்காவுக்காக. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். வேலை, வீடு, மறுபடி வேலை என்றே இருந்தவள். ஒரு பொங்கலன்று டிவியில் மலையைக் காட்டியபோது, "மேகம் தரைக்கே எறங்கி வருது பாரேன். அதுக்குள்ள போயி ஒரு நிமிஷம் நிக்கணும்டா" என்றாள். அவள் வாயிலிருந்து 'வேண்டும்' என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஆனால் அது தமிழ்நாடு. எங்கள் பக்கம் மாநிலம் மாறுவது தெரு மாறுவது மாதிரிதான். வாய்க்கால் மதகைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இந்தப் பக்கம் பெட்ரோல் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போவோம். அக்கா பன்னிரண்டு வருஷம் எங்கள் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஜூன் மாதம்தான் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலராகச் சேர்ந்திருந்தாள்.

திட்டத்தை ஆபீஸ் பாஷையிலேயே தயாரித்தேன். ஒன்பது பக்கம். 'பொருள்: குடும்பத்தினர் ஏற்காடு செல்லுதல் தொடர்பாக' என்று ஆரம்பித்து, 'நகல்: அக்கா, மாமா, கோப்பு' என்று முடித்திருந்தேன். காலை 8.40 அக்கா வேனில் ஏறுதல். 8.42 வேன் புறப்படுதல். 10.50 முதல் 11.00 வரை உளுந்தூர்பேட்டையில் சிறுநீர் கழித்தல். கடைசிப் பக்கம் எதிர்பாராத நிகழ்வுகள்: பஞ்சர், வாந்தி, மழை.

என் மனைவி கவிதா ஒன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "புள்ளைங்க வயிறு இந்தப் பேப்பரப் படிக்குமாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஞாயிறு சந்தைக்குப் போய் எட்டு குரங்கு குல்லா வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் நாலு பேர், அக்கா வீட்டில் நாலு பேர். அக்காவிடம் போனில், "வெள்ளிக்கிழமையும் லீவுதான், கவலப்படாத" என்றேன். அவளும், "லீவப் பத்தி ஒனக்குத் தெரியாததா" என்றாள். அந்தப் பாராட்டில் இரண்டு நாள் மிதந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு வேன் அக்கா வீட்டு வாசலில் நின்றது. அக்கா கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மாமா பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். 8.40க்கு அக்கா தெருமுனையில் தெரிந்தாள். என் திட்டத்தின் துல்லியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அவள் கிட்டே வந்ததும்தான் முகத்தைப் பார்த்தேன். கையில் மிட்டாயை வைத்துக்கொண்டு, தின்னாமல் நின்றாள்.

"தம்பி, நாளிக்கு ஸ்கூலு உண்டாம்டா."

"யாரு சொன்னது?"

"பெரிய டீச்சருதான். நாளிக்கு சீக்கிரமா வந்துடு பூங்கோதைன்னாங்க. நாளிக்கு லீவாச்சே டீச்சர்னேன். அது எந்த ஊரு லீவுன்னு கேக்கறாங்க."

நான் விடவில்லை. செல்போனை எடுத்து லீவு லிஸ்ட்டைத் திறந்து, பதினாறாம் தேதியைப் பெரிதாக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். வேன் டிரைவர் அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், இது பாண்டிச்சேரி லிஸ்ட்டு. மதகோட சரி. இங்க செல்லாது" என்றார். லிஸ்ட்டைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுத்தது அன்றைக்குத்தான்.

அடுத்து நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "வேற யாரையாவது சமைக்கச் சொல்லேன்" என்றேன். கூடமாட வேலை செய்யும் உதவியாளர் அம்மாவுக்குக் கை ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறது, சத்துணவு அமைப்பாளர் இன்னொரு ஊர்ப் பள்ளியையும் சேர்த்துப் பார்க்கிறார், தான் ஒருத்திதான் இருக்கிறேன் என்றாள். "சரி, ஒரு நாள் புள்ளைங்க வூட்டுல சாப்ட்டா இன்னா ஆயிடும்?" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வூட்டுல சோறு இருந்தா ஏன்டா தட்டத் தூக்கினு வருதுங்க?" என்றாள். பிறகு, "நீங்க போய்ட்டு வாங்க. எம் புள்ளைங்களையும் கூட்டினு போங்க. அவுங்க படிக்கிறது ஒங்க பக்கத்து ஸ்கூலு, லீவுதான். எனக்கு போட்டோ எடுத்தாந்து காட்டு, போதும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறித் தன் பையை எடுத்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருந்த ஸ்வெட்டரை அதிலிருந்து உருவினாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அழுகை, முணுமுணுப்பு எதுவும் இல்லை. ஸ்வெட்டரை நாலாக மடித்தாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் நான் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். பஞ்சர், வாந்தி, மழை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதுவரை வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கவிதா இறங்கி வந்தாள்.

"அண்ணி, நாளைக்கு வேல எத்தன மணிக்கு முடியும்?"

"புள்ளைங்க ஒன்னரைக்குள்ள சாப்ட்டுடும். அப்பறம் பாத்திரம் வெளக்கி, அடுப்பத் தொடச்சி, சாவி குடுக்க மூணரை ஆயிடும். ஒத்த ஆளு இல்ல?"

"ஒத்த ஆளு ஏன்? நாங்க ஏழு பேரு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏற்காட்டு விடுதிக்காரருக்குப் போன் போட்டாள். வியாழன், வெள்ளி இரவுகளை வெள்ளி, சனியாக மாற்றி முடிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆனது. (நானாக இருந்தால் கடிதம் எழுதி, நினைவூட்டல் கடிதமும் எழுதியிருப்பேன்.) டிரைவர் அண்ணனும், "எனக்கு இன்னா, நாளைக்கு வர்றன்" என்று ஒத்துக்கொண்டார். வழியில் உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் மரத்தடியில் சாப்பிட வேண்டிய புளிச்சோற்றை அக்கா வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் ஏழு பேரும் அக்காவின் பின்னால் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனோம். பெரிய டீச்சர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். உதவி செய்ய விட்டார், ஆனால் ஒரு நிபந்தனை.

"சமையல்கூடத்துக்குள்ள போறவங்க தலைய மூடிக்கணும். முடி விழக்கூடாது. தொப்பி எதுனா வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தோம். எட்டு வைத்திருந்தோம்.

ஆகஸ்ட் மாத வெயில். அன்றைக்குப் பார்த்து சிலிண்டரும் தீர்ந்துபோய் விறகு அடுப்பு. அந்தப் புகைக்குள் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, குரங்கு குல்லா மாட்டிக்கொண்டு எட்டு பேர். ஜன்னல் கம்பி முழுக்கப் பிள்ளைகளின் முகங்கள். இவர்கள் ஏற்காடு போகிறவர்கள் என்று டீச்சர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. இரண்டாம் வகுப்பு இருக்கும், ஒரு குட்டிப் பெண் என்னைக் கூப்பிட்டு, "ஏற்காடு சார், குளுருதா?" என்று அக்கறையாகக் கேட்டாள். அந்தப் பெயர் அந்த நிமிஷமே எனக்கு நிலைத்துவிட்டது.

எனக்குக் கொடுத்த வேலை முட்டை உரிப்பது. அறுபத்தெட்டு பிள்ளைகள், அறுபத்தெட்டு முட்டை. முதல் பத்தில் ஏழு முட்டைகளுக்கு அம்மை போட்டிருந்தது. அக்கா ஒன்றைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உரிக்கச் சொன்னா ஏன்டா செதுக்கற?" என்று சொல்லிவிட்டு, தட்டி, உருட்டி, சட்டை கழற்றுவது போல ஓட்டை ஒரே இழுப்பில் கழற்றிக் காட்டினாள்.

அன்றைக்குத்தான் என் அக்கா வேலை செய்வதை முதல் முறையாக நின்று பார்த்தேன். அரிசியைக் கையால் தொட்டுப் பார்த்தே உலைத்தண்ணீரைக் கூட்டினாள். சாம்பார் கொதிக்கும் சத்தத்தைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டு, விறகை இழுத்துவிட்டாள். மாமாவுக்குத் தண்ணீர், கவிதாவுக்கு உருளைக்கிழங்கு, பிள்ளைகளுக்குத் தட்டு துடைப்பது என்று குரலை உயர்த்தாமலே எங்கள் ஏழு பேரையும் ஓட்டினாள். ஒரு காகிதம் கிடையாது, கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு மணி அடித்தபோது சோறு சரியான பதத்தில் இறங்கியிருந்தது.

பரிமாறும்போது இன்னும் அசந்துபோனேன். சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது, அறுபத்தெட்டு பேரின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருவனுக்குச் சாம்பார் தனியாக, ஒருத்திக்கு முட்டையை இரண்டாக நறுக்கி. ஓரத்தில் ஒரு பையன் வேகமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்பதற்கு முன்னாலேயே போய், "மணி, இந்தா, மிச்சமாயிடும்போல இருக்கு. நீ சாப்புடு" என்று சோறு வைத்தாள். மிச்சம் ஒன்றும் ஆகவில்லை, பானையை நான் பார்த்திருந்தேன். கேட்க வைக்காமல் கொடுத்தாள், அவ்வளவுதான். நேற்று இந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் சொன்னது நினைவுக்கு வந்து, குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். நல்லவேளை, முகத்தை மூடும் வசதி அதில் இருந்தது.

நான் செதுக்கிய ஏழுக்குப் பதிலாகக் கவிதா கடையில் ஏழு முட்டை வாங்கி அவித்துப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, செதுக்கியவற்றைச் சத்தமில்லாமல் எங்கள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டிருந்தாள். ஏழு பேர் விளக்கினால் பாத்திரம் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டு மணிக்குச் சாவியைக் கொடுத்தோம். பெரிய டீச்சர் வேன் வரைக்கும் வந்து, "நல்லா பாத்துட்டு வா, பூங்கோதை" என்றார். அறுபத்தெட்டு பிள்ளைகளும் மதில் ஓரம் நின்று கையாட்டினார்கள். புதுச்சேரி முதல் சேலம் வரை எந்த அதிகாரிக்கும் அப்படி ஒரு வழியனுப்பு கிடைத்திருக்காது.

கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போதே இருட்டிவிட்டது. உடம்பில் விறகுப் புகை வாசனையோடு எல்லோரும் தூங்கிவிட்டோம். விடிந்து எழுந்து பார்த்தால் அக்கா விடுதி வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். ஸ்வெட்டரைத்தான் வியாழக்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டாளே. எதிரே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மெதுவாக ஏறி வந்தது. முதலில் வேலி மறைந்தது, அப்புறம் வேன், அப்புறம் அக்கா. நான் பயந்துபோய், "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"இங்கதான்டா இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பொக மாதிரியே இருக்குது, ஆனா கண்ணு எரியவே இல்லடா தம்பி" என்றாள். அவள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் ஆயிரம் முட்டை உரிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்ததை வாய்விட்டுக் கவிதாவிடம் சொன்னதுதான் தப்பு. அடுத்த வருஷத்திலிருந்து, பதினாறாம் தேதி பள்ளி நாளாக அமைந்தால் நாங்கள் நாலு பேரும் மதகைத் தாண்டி அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறோம். எங்களுக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள். கணக்கு சரியாக வருகிறது. மாமா என்னை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம்கூட, "ஏற்காடு சாருக்கு ஒன்னு வச்சிடுங்க" என்கிறார்.

போன வருஷம் என் பையனின் வகுப்பு ஆசிரியர் என்னை அழைத்து ஒரு பரீட்சைத்தாளைக் காட்டினார். ஆகஸ்ட் பதினாறு புதுச்சேரியில் ஏன் விடுமுறை என்பது கேள்வி. அத்தையின் பள்ளிக்கூடத்தில் முட்டை உரிப்பதற்காக என்று பையன் எழுதியிருந்தான். "நீங்க கொம்யூன் ஆபீசுலதான இருக்கீங்க? சரியான காரணத்தப் பையனுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். சொல்லிக்கொடுக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்று வரை சொல்லிக்கொடுக்கவில்லை.