இரும்பண்ணன் ஊசிக்களம் புகுந்த கதை

பொறிமழையில் நீராடுவோன், எரிசுடர் ஏந்திய கையோன், முறிந்த கம்பிக்கதவுகளுக்கெல்லாம் மறுபிறவி அருளும் பட்டறைப் பேரரசன், முறுக்குமீசை வெல்டர் இரும்பண்ணன் வாழ்க. அவன் புரிந்த பெரும்போரைச் சொல்கிறேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

அவன் தங்கை ஈன்ற தளிர்மேனிச் சிறுமகள் பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அந்நேரம் பார்த்துக் கக்குவான் இருமல் என்னும் கண்காணாக் கொடும்படை தெருவில் நுழைந்து, பெரியவர்களின் தொண்டைகளில் வெறும் செருமலாய்ப் பதுங்கி, பச்சிளம் குழந்தைகளின் மூச்சுக்குக் குறிவைத்துத் திரிந்தது. பாப்பாவுக்கோ அதற்கான முதல் தடுப்பூசி போடும் வயதே இன்னும் வரவில்லை. ஆகவே சுற்றியிருப்போர் அத்தனை பேரும் ஊசி போட்டுக்கொண்டு மதிலாய் நின்றால்தான் அவளுக்குக் காவல். தகப்பன் அம்மதிலில் ஒரு கல்லானான், அத்தை ஒரு கல்லானாள், கட்டிலை விட்டு இறங்காத மாடிவீட்டுக்காரரும் கைத்தடி ஊன்றிப் போய்க் கல்லாகித் திரும்பினார். வானளாவிய அந்த நெடுமதிலில் இருந்தது ஒரே ஓட்டை, அது தாய்மாமன்.

வாசலை மறித்து நின்று தங்கை ஆணையிட்டாள்:

"ஊசி போட்டுட்டு வாண்ணா. அதுவரைக்கும் உன் மருமகள ஜன்னல் வழியா பாத்துக்க."

தீக்கு அஞ்சாத திண்தோள் ஊசியென்றதும் மெழுகாய் உருகியது. சிரிக்காதீர்கள், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். ஆயினும் மருமகளை மார்போடு அணைக்கும் வேட்கை அச்சத்தினும் பெரிதாகையால், பட்டறை முகமூடியைத் தலைக்கவசமாய்த் தரித்து, வழுக்குச்சேற்றில் இறங்கும் மதகளிறுபோல் அடிமேல் அடிவைத்து ஆஸ்பத்திரி புகுந்து, நாற்காலியில் அமர்ந்தான். நர்ஸ் சட்டைக்கையைச் சுருட்டியதும் முகமூடியைப் படாரென்று இறக்கினான். வெல்டிங் வெளிச்சம் தவிர வேறெதையும் காட்டாத அக்கருங்கண்ணாடியின் காரிருளில், பற்கள் நறநறக்க, மீசை துடிக்க, அவன் முழங்கினான்:

"வரட்டும். என் மருமகளுக்காக எத்தனை ஊசி வந்தாலும் இந்தத் தோள் தாங்கும்."

"ஒண்ணுதாண்ணே. அதையும் போட்டாச்சு. எந்திரிங்க, உங்க மூஞ்சியப் பாத்து வரிசையில நிக்கிற பிள்ளைங்க அழுவுது."

தோளில் ஒட்டிய பஞ்சே வெற்றிக்கொடியாய்ப் பறக்க, தெருவே அதிர நடந்து, மதிலின் கடைசிக் கல்லாகிய மாவீரன் தங்கை வீட்டு வாசலில் இரு கரங்களையும் ஏந்தி நின்றான்.

ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும் என்று தங்கை சொல்லிவிட்டதால், டீயைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனான்.