கீழ் வீட்டு விமரிசகர்

டொக்... டொக்... டொக்.

தட்டல் சரியாக அந்த இடத்தில்தான் விழுந்தது. கண்ணாடிக்காரரின் விரல்கள் கம்பிகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன. யாரும் கதவைத் தட்டவில்லை. கீழ் வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையை, அதாவது கண்ணாடிக்காரரின் தரையை, ஏதோ ஒரு கம்பால் இடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?" என்றார் மனைவியிடம்.

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே. "உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

"நான் தப்புப் பண்ணினவுடனே தட்டுறார். இப்ப பாரு."

பேஸ் கிட்டாரை மடியில் சரி செய்துகொண்டு பாட்டின் முதல் பாதியை வாசித்தார். தும்... தும்... து-தும். பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டி அடித்தொண்டையில் உறுமியது. கீழே மூச்சுப் பேச்சில்லை. இரண்டாம் பாதிக்குப் போனார். விரல்கள் கிட்டாரின் கழுத்துப் பக்கம் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஏறின, ஒன்றோடொன்று சிக்கின.

டொக்... டொக்... டொக்.

"பாத்தியா? சரியா வாசிச்சா விட்டுடறார். தப்பு வந்தா பிடிச்சுக்கறார். கீழ இருக்கிறது லேசுப்பட்ட ஆள் இல்ல. சங்கீதம் கரைச்சுக் குடிச்சவர்!"

"அப்ப அவர்கிட்டயே கத்துக்கலாமே," என்றாள் மனைவி. "கிட்டார் மாஸ்டருக்குக் குடுக்கிற சம்பளமாவது மிஞ்சும்."

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்து நாளாகிவிட்டது.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். சங்கீதத்துக்கும் அவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. மகள்தான் கல்லூரியில் சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தாள். அவள் டிரம்ஸ், ஒருத்தி கீபோர்டு, ஒருத்தி பாட்டு. பேஸ் கிட்டார் வாசித்த பெண் மேல்படிப்புக்குக் கிளம்பிப் போனதும் குழு நொண்டியடித்தது. "அப்பா, நாலே நாலு கம்பிதான். நீங்க வாசிங்களேன்," என்று மகள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் வளர வளர அவரிடம் பேச அவளுக்கு விஷயம் குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்து, உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த மனிதர் அவர். அன்றே போய் வாங்கிவந்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் ஜோராகத்தான் போனது. முதல் பாதி வெண்ணெயாக வந்துவிட்டது. மகள் கூடவே டிரம்ஸ் வாசித்து, "அப்பா, நீங்களா இது!" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவர் பல வாரம் வைத்திருந்து ரசித்தார். அப்புறம் இரண்டாம் பாதி வந்தது. வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். மாதக்கணக்கில் ஒரு அங்குலம் நகரவில்லை. போதாக்குறைக்குக் கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் தட்டவும் ஆரம்பித்தார். இப்போது விரல் சிக்கியதால் தட்டல் விழுகிறதா, தட்டல் விழப்போகிறதே என்ற பயத்தில் விரல் சிக்குகிறதா என்று அவருக்கே விளங்கவில்லை.

மாஸ்டரிடம் முறையிட்டார். மாஸ்டர் என்றால், மீசை வைப்பதா வேண்டாமா என்று முகமே இன்னும் முடிவு செய்யாத பையன்.

"எல்லாருக்கும் ஒரு இடத்துல நிக்கும் சார்."

"எவ்வளவு நாள் நிக்கும்?"

"அது ஆளைப் பொறுத்தது. நீங்க தப்பு வந்ததும் நிறுத்திடறீங்க. நிறுத்தி நிறுத்தி, உங்க விரல் நிறுத்துறதைத்தான் நல்லாக் கத்துக்கிட்டிருக்கு. தப்பு வந்தா வரட்டும், போய்க்கிட்டே இருங்க."

"போனா கீழேர்ந்து தட்டுறாரே!"

"சத்தத்தைக் குறைச்சு வாசிங்க," என்றான் மாஸ்டர், கைபேசியைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை சத்தத்தைக் குறைத்தார். கீழ் வீட்டு விமரிசகருக்குக் கேட்காது என்ற தெம்பில் முதல் பாதியைத் தொடங்கினார். நாலு தும் தாண்டவில்லை. டொக் டொக் டொக்!

கண்ணாடிக்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். முதல் பாதிக்குத் தட்டல் விழுந்ததே இல்லை. அவருடைய ஒரே சொத்து அதுதான். அதிலும் குறை கண்டுவிட்டாரே!

"மொதப் பாதியும் போச்சு," என்றார் மனைவியிடம்.

மறுநாள் பெட்டியைத் தூக்கி மெத்தைமேல் வைத்தார். சுற்றிலும் தலையணை, மேலே இரண்டு போர்வை. பெட்டி ஜுரம் வந்த ஆளைப்போல் உள்ளேயிருந்து முனகியது. கீழேயிருந்து இடி இடித்தது. மேசைமேலிருந்த தம்ளர் நகர்ந்தது.

"போர்வையை எடுங்க, எனக்குக் குளுருது," என்றாள் மனைவி.

"மானம் போகுது, உனக்குப் போர்வையா பெருசு?"

அடுத்து குளியலறைக்குப் போனார். வீட்டின் மறுகோடி அது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஈரம் படாமல் கால்களைத் தூக்கிக்கொண்டு வாசித்தார். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு தண்ணீர்க் குழாய் 'டங் டங்' என்றது. கீழே குழாயைப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த மூலைக்குப் போனாலும் தேடி வந்து திருத்துகிற ஆளை என்ன செய்வது? கண்ணாடிக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். சன்னலுக்கு வெளியே வழக்கமான சத்தங்கள் வந்தன. எவர் வீட்டிலோ தொலைக்காட்சி, எவர் வீட்டிலோ குழந்தை அழுகை, யாரோ சுவரில் ஓட்டை போடும் இரைச்சல். இத்தனை சத்தத்தில் அவருடைய தும் மட்டும்தான் அந்த மனிதர் காதில் விழுகிறது!

கடையிலும் வேலை ஓடவில்லை. ஒரு அம்மாளுக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "ம், இப்ப ரெண்டாம் பாதியை வாசிங்க," என்றார்.

"பாதியா? மூணாவது வரின்னு சொன்னீங்களே?"

இன்னொருவருக்கு இடது கண்ணாடியை வலதிலும், வலதை இடதிலும் பொருத்திக் கொடுத்தனுப்ப, அவர் மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்து சேர்ந்தார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம்.

ஆனால் அந்த முதலாளியிடமே கெஞ்சிக் கூத்தாடி, கடை சாத்தியபின் அங்கே வாசித்துப் பழக அனுமதி வாங்கினார். தட்ட ஆளில்லை, பிய்த்து உதறிவிடலாம் என்று நினைத்தார். கடை முழுக்க நிலைக்கண்ணாடி என்பதை மறந்துவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பேஸ் கிட்டாரோடு அவரே நின்றார். அத்தனை பேரும் அதே இடத்தில் தடுமாறினார்கள். கீழே தட்டாவிட்டாலும் அந்த இடம் வந்ததும் அவருடைய விரல் தானாகவே நின்று தட்டலுக்காகக் காத்திருந்தது. மூன்றாம் நாள் அடிக்கம்பி அதிர்ந்த வேகத்தில் அலமாரியிலிருந்த கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகக் கீழே குதித்தன. அத்தோடு அந்த இடமும் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"கீழ் வீட்டுக்காரர் வந்திருந்தார்."

கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். "என்ன கேட்டார்?"

"'சார் இல்லையா'ன்னார். இல்லைன்னேன். 'இன்னைக்கும் இல்லையா'ன்னார். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். ஒரு மாதிரி பெருமூச்சு விட்டுட்டுப் போயிட்டார்."

"கையில கம்பு இருந்துச்சா?"

"கவனிக்கலையே."

மறுநாள் காலை மாடிப்படியில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார். தலை கலைந்து, சட்டைப் பொத்தான் மாறிப்போட்டு, பெரிய பொட்டலம் ஒன்றை அணைத்துக்கொண்டு விமரிசகர் ஏறி வந்தார். மேதைகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று கண்ணாடிக்காரர் கேள்விப்பட்டிருந்தார்.

"மூணு நாளா சத்தமே காணோமே சார்," என்றார் விமரிசகர்.

எவ்வளவு நயமான குத்தல்! கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சுட்டது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும். சாருக்குச் சங்கீதம் நல்லாத் தெரியும்போல."

"எனக்கா? எனக்கு ஒரு மண்ணும் தெரியாது சார்."

என்ன அடக்கம்! கண்ணாடிக்காரர் இன்னும் குறுகிப்போனார். "இனிமே வீட்டுல வாசிக்கவே மாட்டேன் சார். சத்தியமா."

விமரிசகரின் முகம் செத்துப்போயிற்று. "சத்தியமெல்லாம் எதுக்கு சார்..." என்று குரல் உடைந்து, மேலே சொல்ல முடியாமல் பொட்டலத்தோடு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் சத்தியத்தைக்கூட நம்ப மாட்டேன் என்கிறார் என்றே கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார்.

இது போதாதென்று சாயங்காலம் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரம்ஸ் குச்சி இரண்டையும் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, நாளன்னைக்கு நிகழ்ச்சி."

"தெரியும்மா."

"கீபோர்டுக்காரி இருக்காள்ல, உங்க பகுதியை அவளே இடது கையில வாசிச்சுக்கறேங்கறா. நீங்க சங்கடப்படக் கூடாது. கீழ முன்வரிசையில உங்களுக்கும் அம்மாவுக்கும் இடம் பிடிச்சு வெச்சிடறேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவ்வளவு பக்குவமாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. முன்வரிசை! கைதட்டிவிட்டு, கூட்டம் கலைந்ததும் வண்டி எடுத்து வருகிற அப்பா.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறு," என்றார். "அதுக்கப்புறம் நீ சொல்றதைக் கேக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் காப்பி கூடக் குடிக்கவில்லை. போர்வைகளை மனைவி பக்கம் வீசினார். பெட்டியை வெறும் தரையில், நடுக்கூடத்தில் வைத்தார். சத்தத்தை முழுசாகத் திருகினார்.

"சத்தியம் பண்ணிட்டு வந்தீங்களே!" என்றாள் மனைவி.

"வந்து கழுத்தைப் பிடிக்கட்டும். பாத்துக்கறேன்."

வாய்தான் வீரம் பேசியது. கை வியர்த்து வழிந்தது. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். தும்... தும்... து-தும். முதல் பாதி முடிந்தது. கீழே நிசப்தம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியில் கால் வைத்தார். ஒரு விரல் வழுக்கியது.

டொக்!

வழக்கமான இடம். வழக்கமாக நிற்கிற விரல். ஆனால் அந்த நிமிடம் அவர் கண்ணில் முன்வரிசை நாற்காலி தெரிந்தது. விரலை நிறுத்தவில்லை. தப்பு ஸ்வரம் தப்பாகவே போகட்டும் என்று அடுத்ததற்குத் தாவினார். டொக். அடுத்தது. டொக். அதற்கடுத்தது. தட்டலின்மேல் வந்த ஆத்திரத்திலேயே அதைத் தாளமாகப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒன்றிரண்டு ஓட்டைகள். ஆனாலும் கடைசித் தும் விழவேண்டிய இடத்தில் விழுந்தது.

அவரால் நம்ப முடியவில்லை. இன்னொரு முறை வாசித்தார். இம்முறை ஒரே ஓட்டை. கீழே தட்டல் வெறி பிடித்தாற்போல் வந்தது. மூன்றாம் முறை ஓட்டையே இல்லை.

நிமிர்ந்தால் மகள் அறைவாசலில் நின்றாள். குச்சிகள் கையில், வாய் திறந்தபடி.

"அப்பா," என்றாள். "நாளைக்கு நீங்கதான். கருப்புச் சட்டை இருக்கா உங்ககிட்ட?"

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கருப்புச் சட்டை இல்லை. இருந்தாலும் இருக்கிறது என்று தலையாட்டினார்.

அழைப்பு மணி அடித்தது. ஒரு முறை அல்ல. விரலை எடுக்காமல் அடித்தது.

"வந்துட்டார்," என்றாள் மனைவி மெல்ல.

கண்ணாடிக்காரர் கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடியே போனார். பயமாகத்தான் இருந்தது, ஆனால் வாசித்து முடித்துவிட்ட பயம் இது, பழைய பயம் இல்லை. கதவைத் திறந்தார். ஒரு கையில் ஒட்டடைக் கம்பும், மறுதோளில் வீறிட்டு அழும் கைக்குழந்தையுமாக நின்றார் கீழ் வீட்டுக்காரர். பின்னால் கலைந்த தலையோடு அவர் மனைவி.

"தெரியும் சார், என் வாசிப்பு உங்க காதுக்கு..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

கீழ் வீட்டுக்காரர் பேசும் நிலையில் இல்லை. அவர் மனைவிதான் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"அண்ணா, பொறந்ததுலேர்ந்து இவ உங்க மொதப் பாதி கேட்டாத்தான் தூங்குறா, அது நின்னாலோ தாண்டிப்போனாலோ முழிச்சுக்கிட்டு ஊரைக் கூட்டுறா, 'மறுபடி மொதல்லேர்ந்து வாசிங்க'ன்னுதான் இத்தனை நாளா தட்டிக்கிட்டிருக்கோம், உங்களுக்குக் கோடிப் புண்ணியம், தயவுசெஞ்சு முன்னேறிடாதீங்கண்ணா!"